நான் கட்டிய பூப்பொட்டலம்

எண்பதுகளின் கடைசியில் என் தம்பியை நான் ஏமாற்றினேன். பொறியியல் நுழைவுத் தேர்வில் அவன் தோற்றிருந்தான். மறுபடி எழுதுவதா, வேலைக்குப் போவதா என்று பூக்கட்டிப் பார்க்கச் சொன்னார் அப்பா. வெள்ளை அரளி வந்தால் தேர்வு. சிவப்பு வந்தால் வேலை.

பி.ஏ. படித்த என்னை மிஞ்சிவிடுவானோ என்று, இரண்டு பொட்டலத்திலும் சிவப்பையே வைத்துக் கட்டினேன். திருவானைக்காவல் அம்மன் சன்னதியில் அவன் ஒன்றை எடுத்தான். மற்றதையும் பிரிப்பானோ என்று, அதைச் சட்டென்று எடுத்து மடியில் செருகிக்கொண்டேன்.

"அம்மனே சொல்லிட்டாண்ணா, விடு" என்றவன், அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் சேர்ந்தான்.

தினமும் பட்டறைக் கரியோடு அவன் வீடு திரும்புவதைப் பார்க்கப் பொறுக்காமல், மறுவருடம் விண்ணப்பம் வாங்கிக் கொடுத்து, உண்மையைச் சொன்னேன்.

"எழுதாதடான்னு நேராவே சொல்லியிருக்கலாமேண்ணா. கேட்டிருப்பேனே!"

எழுதித் தேறினான். விடுதியிலிருந்து வாராவாரம் கடிதம் வரும். நான்தான் அப்பாவுக்குப் படித்துக் காட்டுவேன். 'அண்ணன் நலமா' என்று ஒரு வரிகூட இருக்காது.