துணி மடிப்புக்குள் இருந்த காற்று

நர்ஸம்மா கொண்டுவந்த மரக்குழல் ஒரு சாண் நீளம் இருக்கும். ஒரு முனை புனல்போல விரிந்திருக்கும். மறுமுனையில் காது பொருந்துகிற வட்டத் தட்டு. விரிந்த முனையைக் கர்ப்பிணியின் வயிற்றில் அழுத்தித் தட்டில் காதை வைத்தால், உள்ளே இருக்கும் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு கேட்கும். அறுபதுகளின் தொடக்கத்தில், குற்றாலத்தில் என் மாமியார் வீட்டில், அந்தக் குழல் சொல்லப்போகும் பதிலுக்காக நான் படுத்துக் கிடந்தேன்.

அது சாரல் காலம். முன்கட்டு அறைகளை எல்லாம் சீசனுக்கு வந்தவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். எனக்குக் கிடைத்தது பின்கட்டில் நெல் மூட்டை அடுக்கிய அறை. அதற்கு ஜன்னல் கிடையாது. கணவர் தென்காசியில் கடையோடு தங்கியிருந்தார். எனக்கு ஆறாம் மாதம். முதல் பிள்ளை இதே மாதத்தில் உயிரில்லாமல் பிறந்திருந்ததால், மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், என்னைப் படியிறங்க விடவில்லை. கூதல் ஏறிவிடும் என்று பழைய சேலை ஒன்றை நாலாக மடித்து வயிற்றில் இறுகச் சுற்றி, அதன்மேல் கம்பளியும் கட்டியிருந்தார். சாரலில் துணி முழுக்க உலராது. அந்த வாடையோடுதான் உண்டேன், உறங்கினேன்.

ஒருநாள் காலையிலிருந்து பிள்ளையின் அசைவு தெரியவில்லை. சொல்லப் பயந்து, சாயங்காலம் சொன்னேன். நர்ஸம்மாவை அழைத்துவந்தார்கள்.

“துணிய எடுங்கம்மா.”

“நல்லா இருக்கே. கூதல் ஏறுனா நீயா வந்து பாக்கப்போற? மேலயே வச்சுப் பாரு தாயி” என்றார் அத்தை.

நர்ஸம்மா கம்பளியை மட்டும் விலக்கிவிட்டுச் சேலை மடிப்பின்மேல் குழலை வைத்தார். இடம் மாற்றி மாற்றி வைத்தார். “கேக்கலையே” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். அத்தைக்கு அது போதுமாக இருந்தது. முற்றத்தில் நின்று பக்கத்து வீட்டு ஆச்சியிடம் அவர் பேசியது எனக்கு அப்படியே கேட்டது.

“இவளுக்கு வயித்துல பிள்ள தங்காது. வாசுதேவநல்லூருக்கே அனுப்பிர வேண்டியதுதான்.”

அது என் பிறந்த ஊர். போனால் திரும்பி வரமுடியுமா என்பதைவிட, எனக்குள் இருப்பது உயிரா இல்லையா என்பது தெரியாமல் அந்த மூட்டைகளின் நடுவே கிடந்ததுதான் தாங்க முடியவில்லை. கையை வைத்துப் பார்க்கவும் வழியில்லை, துணி அவ்வளவு தடிப்பு.

மறுநாள் யாரும் அழைக்காமலே நர்ஸம்மா வந்தார்.

“நேத்து நான் வச்சது சரியில்ல. மடிப்புக்குள்ள காத்துல்லா நிக்கி. சதைக்குள்ள, தண்ணிக்குள்ள எல்லாம் சத்தம் நல்லா ஓடும். காத்து குறுக்க வந்திச்சின்னா முட்டித் திரும்பிரும்.”

“படிச்ச பிள்ளைய நீங்க. ஆயிரம் கத சொல்லுவீய” என்றார் அத்தை.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் முடிச்சை அவிழ்த்துவிட்டேன். வாடகைக்கு வந்தவர்கள் பார்த்துவிடக்கூடாதே என்று அத்தை ஓடிப்போய்க் கதவைச் சாத்தி, அதில் முதுகை ஊன்றி நின்றார். நர்ஸம்மா குழலை வெறும் தோலில் அழுத்தினார். காதை வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் மலர்ந்தது. “துடிப்பு கேக்குது” என்றார்.

அந்தத் துடிப்புக்கு உரியவள், இப்போது அறுபதைத் தொட்டுவிட்ட என் மகள்தான், சென்ற மாதம் வயிற்றுவலி என்று திருநெல்வேலியில் ஸ்கேன் அறையில் படுத்திருந்தாள். டாக்டர் அவள் வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவினார். எதற்கு என்று கேட்டேன். கருவி அனுப்புவது நம் காதுக்கு எட்டாத ஒலியாம். உள்ளே போய், பட்டுத் திரும்பி வருவதைக்கொண்டு படம் வரைகிறதாம். பசை இல்லாவிட்டால் தோலுக்கும் கருவிக்கும் நடுவில் இருக்கும் காற்றிலேயே ஒலி திரும்பிவிடும், உள்ளே நுழையாது என்றார். குழல் கேட்க மட்டுமே செய்யும், ஒலியை அனுப்பாது. ஆனாலும் இரண்டுக்கும் தடை ஒன்றேதான்.

அன்று நர்ஸம்மா அத்தையையும் கேட்கச் சொன்னார். அத்தை தயங்கிக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

“ஏட்டி, தையல் மிசின் ஓடுத மாதிரில்லா இருக்கு” என்றார். கண் கலங்கியிருந்தது. அதே கையோடு சேலையை எடுத்து, இன்னொரு மடிப்புக் கூட்டி, முன்னைவிட இறுக்கிச் சுற்றினார்.

“இனி பிள்ள கையில வார வரைக்கும் நீ இங்கன விட்டு அசையப்பிடாது.”

நர்ஸம்மாவை வழியனுப்பப் போனவர், வெளியே தாழ்ப்பாளைப் போட்டார். உள்ளே நான் அழுதேன். பிள்ளை பிழைத்த சந்தோஷத்தில் அழுதாள் என்றுதான் அத்தை கடைசிவரை எல்லோரிடமும் சொல்லிவந்தார்.