ஊருணிக் கரைக் காவல்

அபிராமத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தபோது, நீலத் தொப்பி போடும் பன்னாட்டு அமைதிப்படையில் சேர்த்து என்னை ஓர் ஆப்பிரிக்க நாட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்புமுன் பயிற்சி கொடுத்த மேஜர் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். சண்டை போடுகிற இரண்டு தரப்பும் சம்மதித்தால்தான் உள்ளே போகலாம். யார் பக்கமும் சாயக் கூடாது. நம் உயிரையும் நம்மை நம்பி நிற்கிற ஜனங்களையும் காப்பாற்றுவதற்குத் தவிர வேறெதற்கும் கை ஓங்கக் கூடாது. சாயாமல் இருப்பதென்றால் சும்மா நிற்பதில்லை, கபடியில் தப்பாட்டம் ஆடினால் நடுவர் விசில் ஊதித்தான் ஆகவேண்டும் என்றும் சொன்னார்.

அங்கே முகாம் போடுமுன் தண்ணீர் எங்கே இருக்கிறது, மழையில் எந்தப் பாதை அறுந்துபோகும், பெண்கள் எந்த நேரம் விறகுக்குப் போவார்கள் என்றெல்லாம் விசாரித்துத் திட்டம் போட்டோம். அவர்கள் போகும்போது நாங்களும் வண்டியில் கூடவே போனோம். நாங்கள் போன வரைக்கும் அவர்களை யாரும் தொடவில்லை.

ஓய்வு பெற்று நான் ஊருக்கு வந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. ஊருணியில் இடுப்பளவுதான் தண்ணீர். காலனிப் பெண்கள் அதில் குடம் முக்கக் கூடாதென்று எங்கள் தெருக்காரர்கள் மறித்தார்கள். முன்னால் நின்றது என் அண்ணன். கைகலப்பாகி, தாசில்தார் வந்து அமைதிக் கூட்டம் போட்டார்.

"மிலிட்டரிக்காரரு வெளிநாட்டுல சமாதானம் பண்ணுனவரு. அவரே கரையில நிக்கட்டும்" என்றார் காலனிப் பெரியவர் ஒருவர். நம்ம பையன்தானே, நம்ம பக்கம் பார்த்துக்குவான் என்ற நினைப்பில் எங்கள் தெருவும் தலையாட்டியது. காலையில் காலனி, சாயங்காலம் எங்கள் தெரு என்று முடிவானது. நான் கரையில் நின்றேன். கொஞ்ச நாள் சத்தமில்லாமல் போனது.

ஒரு நாள் காலையில் அண்ணன் மண்வெட்டியோடு வந்தான். தண்ணீரைக் கலக்குகிறார்கள் என்று கத்தினான். அவன் வயலில் களை எடுக்கிற பெண் ஒருத்தி, "இது எங்க நேரந்தானங்க" என்றாள். மண்வெட்டிக் காம்பால் அவள் முன்கையில் அடித்தான். எலும்பு ஒடிந்த சத்தம் நான் நின்ற இடம் வரை கேட்டது. மறுபடி ஓங்கினான். அவனைக் கீழே தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றி, போலீஸ் வரும்வரை அமுக்கிப் பிடித்திருந்தேன்.

"ஏலே, நான் ஒன் அண்ணன்டா" என்று மண்ணைத் துப்பிக்கொண்டே திட்டினான்.

போலீஸில் நடந்ததைச் சாட்சியாகச் சொன்னேன். வீட்டுக்குத் திரும்பியபோது என் பெட்டி வாசலில் கிடந்தது. அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். அய்யா நிலைப்படியில் நின்றார். "ஆப்பிரிக்காக்காரனுக்குக் காவல் காத்த, சம்பளம் குடுத்தான். இவளுக்குக் காவல் காக்க ஒனக்கு யாருலே சம்பளம் குடுத்தது?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

மனைவியோடு ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் தங்கச்சிமடத்தில் வாடகை வீட்டுக்கு வந்தேன். ஐஸ் பேக்டரியில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது.

வழக்கு ராமநாதபுரம் கோர்ட்டில் நடந்தது. கூண்டில் ஏறிய அந்தப் பெண், ஊருணிப் படியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். கை கோணலாகக் கூடியிருந்தது. மற்ற சாட்சிகளும் எதையும் பார்க்கவில்லை என்றார்கள். அண்ணன் விடுதலையானான். அண்ணி என் காலடியில் காறித் துப்பிவிட்டுப் போனாள்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்ற அந்தப் பெண்ணிடம், "ஏம்மா இப்படிச் சொன்ன?" என்றேன்.

"எங்க வயித்துக்கு அவுக வயலுதான். நீங்க பென்சன வாங்கிக்கிட்டுக் கடக்கரைக்குப் போயிட்டீக. நாங்க அங்கனதான கெடக்கணும்?"

கோபமாகக்கூட அவள் சொல்லவில்லை. ஆப்பிரிக்காவிலும் எங்கள் முகாமை ஒரு நாள் பிரித்துக்கொண்டு வந்துவிட்டோம். அதற்குப் பிறகு அந்தப் பெண்கள் விறகுக்கு யாரோடு போனார்கள் என்று எனக்குத் தெரியாது.

போன வருஷம் கை ஒடிந்த அந்தப் பெண்ணின் புருஷன் போனில் கூப்பிட்டான். "ஒங்க அய்யா எறந்துட்டாக. எரிச்சும் முடிச்சாச்சு. நாளைக்கு அஸ்தி கரைக்க ராமேஸ்வரம் வாராக. நான் சொன்னேன்னு சொல்லிராதீக."

அக்னி தீர்த்தத்தில் காத்திருந்தேன். அண்ணன் மொட்டைத் தலையோடு ஈர வேட்டியில் உட்கார்ந்திருந்தான். சுற்றி எங்கள் தெருக்காரர்கள். நான் போய் எதிரில் நின்றேன். புரோகிதர் என்னைப் பார்த்தார், பிறகு அண்ணனிடம், "இறந்தவருக்கு வேற பிள்ளைகள் உண்டா?" என்று கேட்டார்.

அண்ணன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "இல்ல சாமி. நான் ஒருத்தன்தான்" என்றான்.

மந்திரம் தொடர்ந்தது. கலயத்தோடு கடலில் இறங்கிக் கரைத்துவிட்டு வந்தான். எல்லோரும் என்னை உரசிக்கொண்டு போய் வேனில் ஏறினார்கள். வேன் போன பிறகு, சட்டையோடு கடலில் இறங்கினேன். அய்யாவின் சாம்பல் அதற்குள் எந்தப் பக்கம் போயிருந்ததோ, தெரியவில்லை.