முன்னால் நடந்த பச்சையம்மாள் அக்கா

சென்ற செவ்வாய்க்கிழமை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். தபால்காரர் சைக்கிளில் இருந்தபடியே, "கன்னியம்மா, புதுக்கோட்டை முத்திரை கீது, படிச்சிக்கோ" என்று ஒரு கார்டை நீட்டினார். என் மூத்த ஓர்ப்படி பச்சையம்மாள் அவர்கள் இராமேசுவரம் போகும் வழியில், ஒரு சத்திரத்தில், மூன்று நாள் காய்ச்சலில் காலமானார், அங்கேயே அடக்கம் செய்துவிட்டோம் என்று அதில் இருந்தது. படித்துவிட்டு நான் அழவில்லை. அவர் இறந்துவிட்டதாகச் செய்தி வருவது இது இரண்டாவது முறை.

அடுத்த வரியையும் படித்தேன். "என் சொம்பு ஓர்ப்படியிடம் இருக்கிறது, அவளுக்கு எழுதுங்கள், அவள் படித்துக்கொள்வாள் என்று சொன்னார்." அதற்குப் பிறகு சந்தேகம் இல்லை. வாளியைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டேன்.

வாசகசாலைப் பிள்ளைகள் தங்கள் கையெழுத்துப் பத்திரிகைக்கு அக்காவைப் பற்றி எழுதித் தரக் கேட்டார்கள். அஞ்சாவது வரை படித்த நானே எழுதுகிறேன். அவரை வேறு யார் எழுதினாலும் எனக்குப் பிடிக்காது.

அக்கா என் கணவரின் அண்ணன் சம்சாரம். பிள்ளை இல்லை. மூத்தவர் காலமான பின்னும் எங்களோடு இருந்து, என் பிள்ளைகள் நால்வரையும் தூக்கி வளர்த்தார். ஏரிக்குக் கீழே பிறர் நிலத்தில் நடவுக்கு இருவரும் சேர்ந்தே போவோம். வரிசையில் எப்போதும் எனக்கு வலப்பக்கம் அவர்தான்.

ஒரு புரட்டாசியில், பாதி வயல் நட்டிருக்கும்போது, அக்கா நிமிர்ந்தார். கையிலிருந்த நாற்றுமுடியை என்னிடம் கொடுத்துவிட்டு வரப்பில் ஏறினார்.

"எங்கக்கா போறீங்க?"

"திருப்பதிக்கு."

"இன்னாது, இப்பவா? கால்ல சேறுகூடக் காயல!"

"போற வழியில காயும்."

போயேவிட்டார். வாலாஜாபாத் சாலையைப் பிடித்து, பாலாற்று மணலைத் தாண்டி, நடந்தே போய் நடந்தே வந்தார். பத்தொன்பது நாள். எங்கள் வீட்டுக்காரர் கத்தினார். "இன்னா அண்ணி, ஊரே சிரிக்குது! இன்னா வேண்டுதல்னு சொல்லிட்டாவது போவக்கூடாதா?"

"வேண்டுதல்லாம் ஒண்ணுமில்ல நைனா. நாத்து நட்டுக்கினே பின்னாடியே போறோமே, நாப்பது வயசு வரிக்கும் பின்னாடியேதான் போயிக்கினு கீறேன். ஒரு தபா முன்னாடி போயிப் பாக்கலாம்னு தோணிச்சி."

"சாமியப் பாத்தீங்களா?"

"பாத்தேன். அது எங்க போவப் போவுது? நின்ன எடத்துலியே நின்னுக்கினு கீது."

நடவு நட்டவர்களுக்கு அவர் சொன்னது புரியும். குனிந்த முதுகோடு பின்னால் பின்னால் நகர்வோம். நட்டது கண்ணுக்குத் தெரியும், போகிற இடம் தெரியாது.

அதன் பிறகு வருடா வருடம் கிளம்பினார். கிளம்பப் போகிறார் என்பது எனக்கு முன்பே தெரிந்துவிடும். அவரால் ஓரிடத்தில் உட்கார முடியாது. களை கொத்தும் கொட்டை எடுப்பார், வைப்பார், மறுபடி எடுப்பார். கால் கட்டைவிரல் மண்ணைக் கீறிக்கொண்டே இருக்கும். அந்த நாட்களில் எனக்கும் சோறு இறங்காது. கேழ்வரகு மாவும் உப்பும் முடிந்துகொண்டு, டயர் செருப்பை மாட்டும்போது, தவறாமல் கேட்பார். "நீயும் வாடி."

ஒரு வருடம் மாடு சினை. ஒரு வருடம் கூரை மாற்ற வேண்டியிருந்தது. மறுவருடம் மறுபடி மாடு. "மாடு கன்னு போட்டுக்கினேதான் இருக்கும். நீ எப்படி வரப் போற?" என்பார். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன்.

ஸ்ரீசைலம் போன வருடம் தன் பித்தளைச் சொம்பில் பேரும் ஊரும் வெட்டிக்கொண்டார். "தொலைஞ்சா வூடு வந்து சேரும்" என்றார். "நீங்க தொலைஞ்சா?" என்று கேட்டேன். "எம்மேல யாரும் பேரு வெட்டல" என்று சிரித்துவிட்டுப் போனார்.

சொம்புதான் வந்தது. ஸ்ரீசைலம் போய்த் திரும்பிய காஞ்சிபுரத்துப் பெரியவர் ஒருவர் கொண்டுவந்தார். மலையடிவாரத்தில் ஓர் அம்மாள் இறந்து கிடந்ததாகவும், தலைமாட்டில் இது இருந்ததாகவும், அங்கேயே அடக்கம் செய்துவிட்டதாகவும் சொன்னார். தெருவே கூடி நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொம்பைத் திருப்பி, "பச்சையம்மாள், உத்தரமேரூர்" என்று உரக்கப் படித்தேன். ஒரு பெண் அலறினாள். படிப்பதோடு நில்லாமல், "அக்காதான்" என்றும் சொன்னேன். அந்த வார்த்தையை நம்பித்தான், உடம்பு இருக்க வேண்டிய இடத்தில் சொம்பை வைத்துக் கருமாதி செய்தோம்.

மூன்று மாதம் கழித்து அக்கா நடந்து வந்தார். பக்கத்து ஊரான திருப்புலிவனத்து டீக்கடைக்காரர் அவரைப் பார்த்ததும் கிளாசைப் போட்டுவிட்டு ஓடினாராம். வழியில் காய்ச்சலில் விழுந்த ஒருத்திக்குத் தண்ணீர் வைத்துக்கொள்ள ஏனம் இல்லையென்று, அக்கா தன் சொம்பைக் கொடுத்துவிட்டு மேலே நடந்திருக்கிறார். இறந்தவள் அவள்.

எங்கள் வாசலில் அக்கா நின்றார். தெருப் பெரியவர் குறுக்கே கையை நீட்டினார். "கருமாதி ஆனவங்க வாசப்படி மிதிக்கக் கூடாது. உள்ள உம் பொண்ணு மாசமா கீறா கன்னியம்மா. யோசிச்சிக்கோ."

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நானும் உள்ளே மகளைத் திரும்பிப் பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன். அக்கா உள்ளே வரக் காலெடுக்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார். "ஏண்டி, பதினாறாம் நாளு வடை போட்டியா?"

"போட்டேங்கா."

"பாயசம்?"

"வெல்லம் கெடைக்கலக்கா."

"அப்ப அது கருமாதியே இல்ல போ!"

யாரோ சிரித்தார்கள். என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். நான் இறங்கிப் போய் அக்காவின் கையைப் பிடித்தேன். "பேரப் படிச்சவ நானு. தப்பும் என்னுது. வர்ற கெடுதி எனக்கே வரட்டும். வாங்கக்கா." இன்னொரு கையை என் மகள் வந்து பிடித்தாள். மூவருமாக வாசப்படி தாண்டினோம்.

ஒரு கெடுதியும் வரவில்லை. அப்போது வயிற்றில் இருந்த என் பேத்தி இப்போது ஆறாவது படிக்கிறாள். வகுப்பில் முதல். என் படிப்பைத் தாண்டிவிட்டாள்.

அக்கா மூன்றாம் நாளே கிளம்பிவிட்டார். "கணக்குப்படி நான் செத்தவ. இனிமே என்ன நடவுக்குக் கூப்ட ஆளு கெடையாது" என்றார். சொம்பை என்னிடமே விட்டுச் சென்றார். பிறகு நடவு வரிசைக்கு அவர் வரவே இல்லை. வருடத்தில் பத்து நாள் வருவார், பேத்திக்கு ஊர் ஊராகக் கதை சொல்வார், கட்டைவிரல் மண்ணைக் கீறத் தொடங்கும். "நீயும் வாடி" என்பார். நான் மாட்டைக் காட்டுவேன்.

கார்டின் கடைசி வரியை இன்னும் சொல்லவில்லை. "மறுபடி கருமாதி செய்ய வேண்டாமாம். ஒருமுறை வடை போட்டாகிவிட்டதாம். பாக்கி பாயசம் மட்டும்தானாம்." பாவம் அந்தச் சத்திரத்துக்காரர், ஒன்றும் புரியாமலே எழுதியிருப்பார். நான் சிரித்தேன். அப்போதுதான் அழுகையும் வந்தது.

நேற்றுப் பாயசம் வைத்தேன். பேத்தி தெரு முழுக்கக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அக்காவை வாசலில் தடுத்த பெரியவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தார்.

நாளைக் காலையில் நான் கிளம்புகிறேன். டயர் செருப்பு தைத்தாயிற்று. சொம்பைப் புளி போட்டுத் துலக்கி வைத்திருக்கிறேன். அவரை அடக்கம் செய்த மண்ணில் அதில்தான் தண்ணீர் ஊற்றுவேன்.

"பஸ்ஸு கீதே, அதுல போயேன்" என்றார் என் கணவர்.

"பஸ்ல போனா அக்கா சிரிப்பாங்க."

"மாட்ட யாரு பாக்கறது?"

"நீதான்."

அவர் வாளியை எடுத்துக்கொண்டு மாட்டிடம் போனார். என் காலும் நிற்கவில்லை. இதை எழுதும்போதே கட்டைவிரல் தரையைக் கீறிக்கொண்டிருக்கிறது.

அக்கா, இத்தனை வருடம் நீங்கள் கூப்பிட்டும் வராதவள், கூப்பிட நீங்கள் இல்லாதபோது வருகிறேன். நீங்கள் போன சாலையிலேயே வருகிறேன். இன்று கடைசி நடவு முடித்து வந்தேன். கால் சேற்றை வேண்டுமென்றே கழுவவில்லை. போகிற வழியில் காயும்.