ஏழாம் தளத்து வால்வு

டெல்மர் நெக்கேஸ் குழாய்க்குள் மெல்லிய கம்பி ஒன்றை விட்டுக் குளவிக்கூட்டைக் குடைந்துகொண்டிருக்கிறார். காய்ந்த மண் உதிர்ந்து அவர் சட்டைப் பைக்குள் விழுகிறது. "நாலே நாள்ல கட்டி முடிச்சிருக்கு. யார்கிட்டயும் அனுமதி கேக்கல," என்கிறார். அந்த வளாகத்தில் அவர் வாயால் பாராட்டு வாங்கும் கட்டுமானம் அது ஒன்றுதான்.

மிசிசிப்பியின் தென்கோடிப் பைன் காட்டுக்குள் நிற்கும் பத்தொன்பது தளக் கோபுரம் அவர் பொறுப்பு. ராக்கெட் எஞ்சினை அசையாமல் கட்டிவைத்து எரித்துப் பார்ப்பதற்காக எழுப்பியது. இதுவரை அதில் ஒரு தீக்குச்சிகூட எரிந்ததில்லை. பெரும் பாரம் தூக்கும் அரசு ராக்கெட்டுக்கென்று தொடங்கினார்கள். மூன்றிலொரு பங்கு எழும்பியபோதே அந்த எஞ்சின் வேண்டாமென்று கைவிட்டார்கள். ஆனால் நிதிச் சட்டத்தில் 'கோபுரம் முழுமையாகக் கட்டி முடிக்கப்பட வேண்டும்' என்று யாரோ ஒரு வரி சேர்த்திருந்தார்கள். ஆகவே மேலும் நான்கு ஆண்டுகள் கட்டினார்கள். நாடா வெட்டினார்கள், கேக் தின்றார்கள், அன்று மாலையே பூட்டினார்கள். பூட்டைப் போட்டவர் டெல்மர்தான்.

"கட்டணும்னு சட்டத்துல இருக்கு. எதுக்குன்னு இல்ல," என்பார். கோபமாகச் சொல்வதில்லை, மழை வரும் என்பதுபோலச் சொல்வார்.

ஆறு வருடங்களாகச் செவ்வாய்தோறும் அறுபத்து நான்கு வால்வுகளையும் திறந்து மூடுகிறார். அசைக்காமல் விட்டால் இறுகிப்போகும். குழாயில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் அடுத்ததற்கு நகர்வார். லிஃப்ட் ஓடுகிறது, ஏறமாட்டார், "அது வேற கான்ட்ராக்ட்காரன் சாமான்." கல்லூரிப் பக்கம் போனதில்லை. கையேடுகளைச் சாப்பாட்டு வேளையில் படித்தே தொழில் கற்றவர். படிக்கும்போது கண்ட பிழைகளைப் பென்சிலால் திருத்தி, தயாரிப்பாளருக்குப் பட்டியலும் அனுப்பினார். முப்பத்தொன்றில் இரண்டை ஒப்புக்கொண்டு பதில் வந்தது. மீதி இருபத்தொன்பதையும் ஒவ்வொரு ஜனவரியிலும் மறுபடி அனுப்புகிறார். ராக்கெட்டுக்கு இதற்குள் மூன்று முறை பெயர் மாறிவிட்டது. ஒவ்வொரு பெயருக்கும் ஊழியர்களுக்கு ஒரு தொப்பி கொடுத்தார்கள். பறந்தவை அந்தத் தொப்பிகள் மட்டுமே, அதுவும் புயலில்.

நானூறு அடி தள்ளி இன்னொரு சோதனை மேடை இருக்கிறது. அங்கே வேலை உண்டு, எஞ்சினும் உண்டு. ஜனவரியில் அதன் பெரிய ஆக்சிஜன் வால்வு விரிசல் விட்டது. புதியது வார்த்து வர பதினோரு மாதம் என்றார்கள். அதே அச்சில் வார்த்த அதன் ஜோடி வால்வு, டெல்மரின் கோபுரத்தில் ஏழாம் தளத்தில் இருக்கிறது. ஒரு துளி ஆக்சிஜன் படாதது.

எடுத்துக் கொடுக்கலாமா என்று அவர் தலைமையகத்துக்கு ஒரே பக்கத்தில் கடிதம் எழுதினார். பதினான்கு பக்கத்தில் பதில் வந்தது. வால்வைக் கழற்றினால் கோபுரம் முழுமையற்றதாகிவிடும், அது சட்டத்துக்கு விரோதம். வேண்டுமானால் முதலில் புதிய வால்வு ஒன்றை வாங்கி இங்கே பொருத்திவிட்டு, பிறகு பழையதைக் கொடுக்கலாம்.

அந்த எதிர் மேடையில் வேலை பார்ப்பவன் அவர் மனைவியின் தம்பி கர்டிஸ் மோரன். மதியம் வாசல் பக்கம் டிரக்கின் பின்பலகையை இறக்கிவிட்டு, இறால் வறுவல் அடைத்த ரொட்டியை இருவரும் சாப்பிடுவார்கள்.

"என்ன மச்சான், கோபுரத்துக்கு இன்னிக்குப் பூசை ஆச்சா?"

"ஆச்சு. உன் எஞ்சின் எப்படி இருக்கு?"

"பிளாஸ்டிக்கைப் போத்திக்கிட்டு தூங்குது. பாஸ்ககூலா கப்பல் பட்டறையிலேருந்து மறுபடியும் கூப்பிட்டாங்க. இங்க முப்பதாம் தேதிக்குள்ள எரிக்கலன்னா எங்க நாப்பது பேரையும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம். நான் பாஸ்ககூலா போயிடறேன்."

"அப்புறம் எஞ்சினை எவன் எரிக்கிறது?"

"நீதான் இருக்கியே. கடுதாசி போட்டு எரி."

அந்த நாற்பது பேர் கலைந்தால் புதிதாக நாற்பது பேரைப் பழக்க இரண்டு வருடம் ஆகும் என்பது டெல்மருக்குத் தெரியும்.

இருபதாம் தேதி வாஷிங்டனிலிருந்து நிதிக் குழு அலுவலர் மிஸ் கேரலைன் வந்தார். கோபுரப் பராமரிப்பை இன்னும் ஓராண்டுக்கு நீட்டிக்கும் முன் வருடாவருடம் வந்து பார்ப்பவர். நல்ல பெண்மணி, படிகளில் கூடவே ஏறினார். ஏழாம் தளத்தில் டெல்மர் நின்றார்.

"இதுதான் மேடம் அந்த வால்வு. அதோ, வெள்ளை பிளாஸ்டிக் தெரியுதா? அதுக்கு இது வேணும்."

"அது வேற குழு பாக்குறது, மிஸ்டர் டெல்மர்."

"ஆமா மேடம். ஆக்சிஜன் ஒண்ணுதான்."

மிஸ் கேரலைன் எதிர் மேடையைப் பார்த்தார். நிழலில் ஆட்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குப் புரியாம இல்ல," என்றார். "ஆனா ஒரு சாமான் இல்லன்னு எழுதிட்டா கோபுரத்துக்கு வர்ற பணம் நின்னுடும். உங்க சம்பளமும் அதுலதான் வருது. மறந்துடாதீங்க."

"மறக்கல மேடம். செவ்வாய்க்கிழமைதோறும் ஞாபகம் வருது."

அவர் படிவத்தை நீட்டினார். அறுபத்து நான்கு வால்வு, அறுபத்து நான்கு வரி. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'உள்ளது' அல்லது 'இல்லை'. டெல்மர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கைப்பிடிக் கம்பியில் வைத்து, நிதானமாக எழுதினார். அறுபத்து மூன்று வரிகளில் 'உள்ளது'. ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

"இது விட்டுப்போச்சே," என்றார் மிஸ் கேரலைன்.

"'இல்லை'ங்கறது இன்னும் உண்மையாகல மேடம்."

துருப்பிடிக்காமலிருக்கக் குழாயில் நிறுத்திவைத்திருந்த நைட்ரஜனை மேல்பக்கம் அடைத்து, கீழ்பக்கம் வெளியே விட்டார். அழுத்தமானியின் முள் பூஜ்யத்துக்கு இறங்கும்வரை அதன் முன்னாலேயே நின்றார். விரலால் கண்ணாடியைத் தட்டி இன்னொரு முறை பார்த்தார். சிவப்பு எச்சரிக்கை அட்டையில் தேதி எழுதித் தொங்கவிட்டார். பிறகு ஸ்பேனரை முதல் நட்டில் பொருத்தினார்.

"மிஸ்டர் டெல்மர்," என்றார் அவர், தாழ்ந்த குரலில்.

டெல்மர் ஸ்பேனரை அப்படியே விட்டுவிட்டு, மூலையிலிருந்த காலி பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேலிருந்த தூசியைக் கைக்குட்டையால் துடைத்தார்.

"பன்னண்டு நட்டு இருக்கு மேடம். உக்காருங்க."