இரண்டு மலை உயரம்

எங்கள் பகுதி எவ்வளவு சமதளம் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். நான் வருவாய்த் துறையில் இருந்த காலம் முழுவதும், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் பற்றியே ஊருக்கு ஊர் மகஜர் வந்துகொண்டிருந்தது. ஒரே வாய்க்கால் கிழக்கே ஓடுவதாக ஒரு தெருவும், மேற்கே ஓடுவதாக இன்னொரு தெருவும் எழுதிக் கொடுக்கும். நேரில் போய்ப் பார்த்தால் அது எந்தப் பக்கமும் ஓடாமல் நிற்கும். இப்படிப்பட்ட மண்ணில், திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் பிறந்து, மன்னார்குடியில் படித்து, தஞ்சாவூரில் என்னோடு குடித்தனம் நடத்திய என் மனைவிக்குத் தெரிந்த ஒரே மலை சுவாமிமலை. அதுவும் மனிதர்கள் கட்டிய மலை. படிக்கு ஒரு வருஷத்தின் பெயர் எழுதியிருப்பார்கள். பெயரைப் படித்துக்கொண்டே ஏறினால் ஏறியதே தெரியாது.

அவளைத்தான் அமெரிக்காவுக்கு விமானம் ஏற்ற வேண்டியிருந்தது.

தெருவுக்கு ஒரு பிள்ளை கணிப்பொறி படித்துவிட்டுக் கடல் தாண்டிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் தெருவின் பங்குக்கு என் மகள் போனாள். போன இரண்டாம் வருஷம் அவளுக்குத் தலைப்பிரசவம். வைகாசியில் குழந்தை பிறக்கும் என்றார்கள். மாப்பிள்ளைக்கு ஒரு வாரத்துக்கு மேல் விடுப்பு கிடையாது. அம்மா வந்தே ஆகவேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசியில் மகள் அழுதாள்.

விசா வாங்குவதை என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். அசல், நகல், நகலுக்கு ஒரு நகல் என்று அடுக்கிச் சென்னைக்குக் கொண்டுபோனேன். அங்கே சன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள் அதில் ஒரு தாளைக்கூடத் தொடாமல், இரண்டு கேள்வி கேட்டுவிட்டு விசா கொடுத்தாள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

டிக்கெட் கைக்கு வந்த அன்றுதான் என் மனைவி வாயைத் திறந்தாள்.

"என்னால ஏற முடியாதுங்க. நீங்க மட்டும் போயிட்டு வாங்க."

"நான் போய்? பிரசவம் பாக்கவா?"

"உசரம்னா எனக்குத் தலை சுத்தும். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். மொட்டை மாடியில் வடாம் காயவைத்தால் நட்ட நடுவில்தான் பிழிவாள். கைப்பிடிச் சுவரை ஒட்டி இரண்டு முழத்துக்குள் வரும் வடாம் எல்லாம் என் கைவண்ணம்.

அடுத்த வீட்டுக்காரரை அழைத்து வந்தேன். பல வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டுத் திரும்பி, கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த ராவுத்தர். எங்கள் தெருவில் விமானத்தில் போய் வந்தவர் அவர் ஒருவர்தான். ஆகவே, விமானம் சம்பந்தப்பட்ட எல்லா விஷயங்களிலும் அவர் சொல்வதே இறுதி.

"ஒண்ணுமே தெரியாதுக்கா. நம்ம டவுன் பஸ்ஸை விட ஆட்டம் கம்மி."

"ஆட்டத்தை யாரு கேட்டா தம்பி? கீழ பாத்தா தலை சுத்துமா, சுத்தாதா?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

"அது ஆளுக்கு ஆள் மாறும். மொதல்ல ஒரு மலையில ஏறிப் பாருங்களேன். நான் திருச்சியில வந்து இறங்குறப்பல்லாம் மேக்கால ஒரு பாறை மலை தெரியும். உச்சியில ஒரு மடம், நாலஞ்சு சாமியாருங்க. காலையில போனா சாயங்காலம் வந்துடலாம்."

என் மனைவி அதைப் பிடித்துக்கொண்டாள். மலை உச்சியில் நின்று கீழே பார்ப்பாள். மயங்கி விழாவிட்டால் விமானம் ஏறுவாள். விழுந்தால் டிக்கெட்டைத் திருப்பிவிட வேண்டும். இதில் மாற்றம் கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமை, "அம்மா வராங்களாப்பா?" என்று மகள் கேட்டபோது, "பரிசீலனையில் இருக்கிறது" என்றேன். வேறு என்ன சொல்ல?

மறுநாளே உத்தேசப் பயணத் திட்டம் எழுதினேன். புறப்பாடு, சிற்றுண்டி, அடிவாரம் சேருதல், உச்சி சேருதல், பார்வையிடுதல், திரும்புதல். வெயிலுக்கு முன் ஏறிவிட வேண்டும் என்பதை அடிக்கோடிட்டேன். மடத்துக்கு ஒரு கடிதமும் போட்டேன். பார்வையாளர் நேரம் என்ன, குடிநீர் உண்டா, வழியில் நிழல் உண்டா, மயக்கம் வருபவர்களுக்கு என்ன ஏற்பாடு என்று வரிசை எண் இட்டுக் கேட்டு, பதில் எழுத அஞ்சலட்டையும் வைத்திருந்தேன். பதில் வரவில்லை. நினைவூட்டுக் கடிதம் அனுப்பினேன். அதற்கும் பதில் இல்லை. துறவு என்றால் கடிதப் போக்குவரத்தையும் துறப்பது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

சமையலறையில் வேறொரு திட்டம் நடந்துகொண்டிருந்தது. விமானத்தில் காது அடைக்கும் என்று ராவுத்தர் சொல்லியிருந்ததால் பஞ்சு. மிட்டாய் சப்பினால் அடைப்பு விடும் என்றதால் ஒரு பொட்டலம் கமர்கட்டு. மயக்கத்துக்கு எலுமிச்சம்பழம். இவற்றோடு, நாங்கள் மூன்று பேர்தான் போகிறோம் என்பது மறந்துபோன அளவில் புளியோதரையும் தயிர்சாதமும்.

பங்குனி மாதத்தில் ஒரு காலை ராவுத்தரின் வேனில் புறப்பட்டோம். திட்டப்படி இருட்டோடு கிளம்பியிருக்க வேண்டும். ஆனால், இதை முழு ஒத்திகையாகவே செய்துவிடலாம் என்று அவர்கள் இருவரும் எனக்குத் தெரியாமல் முடிவு செய்திருந்தார்கள். என் மனைவி சன்னலோரம் உட்கார்ந்து, காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். ராவுத்தர் வண்டியை எடுக்காமல் பின்பக்கக் கதவைத் திறந்து நின்று, ஒரு தட்டில் கமர்கட்டை நீட்டினார்.

"வெல்கம் மேடம். பெல்ட்டைப் போட்டுக்குங்க. வண்டி மேல கிளம்பப் போவுது."

"வேன்ல பெல்ட் இல்லையே தம்பி."

"முந்தானையை இறுக்கிப் பிடிச்சுக்குங்க. மேடம், வெஜ்ஜா நான்வெஜ்ஜா?"

"புளியோதரை."

"அது நீங்கதான் எங்களுக்குத் தரணும் மேடம்."

சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரை ஏறியது. தண்ணீர் குடித்து, தலையில் தட்டி, மறுபடி பஞ்சு வைத்து, வண்டி கிளம்பும்போது பால்காரர் இரண்டாம் நடை வந்துவிட்டார். வழியில் மூன்று இடத்தில் டீ. விமானமும் இப்படித்தான் நடுவழியில் எங்காவது இறங்கி ஏறும் என்றார் ராவுத்தர். அடிவாரம் சேர்ந்தபோது வெயில் உச்சந்தலையில் இருந்தது.

மலை, மலையாகவே இருந்தது. படிகள் இல்லை, கால் வைக்கப் பாறையில் வெட்டிய பள்ளங்கள்தான். நான் முறைப்படி வண்டியின் பக்கத்தில் செருப்பைக் கழற்றி வைத்தேன். என் மனைவியும் கேள்வி கேட்காமல் கழற்றினாள்.

ராவுத்தர் பாறையைப் பார்த்தார், எங்கள் காலைப் பார்த்தார்.

"சார், வெறுங்கால்லயா?"

"மலைன்னா அடிவாரத்துலதான் செருப்பை விடணும். சுவாமிமலையில எங்க விடறோம்?"

"அது நிழல்ல இருக்கு சார்."

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

"சரி, உங்க மலை, நீங்க சொன்னா சரிதான்" என்று அவரும் கழற்றிவிட்டார். சுற்றிலும் வேறு யாருடைய செருப்பும் இல்லை. கூட்டம் இல்லை என்று நான் மகிழ்ந்தேன்.

முதல் பத்தடி வரை கம்பீரமாக ஏறினோம். அதற்குப் பிறகு நாங்கள் ஏறினோம் என்று சொல்ல முடியாது. என் மனைவி, புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, "ஐயோ, ஐயோ" என்று ஒரு நிழலில் இருந்து அடுத்த நிழலுக்குப் பாய்ந்தாள். பின்னால் ராவுத்தர், தலைப்பாகைத் துண்டை அவிழ்த்து முன்னால் விரித்து, அதன் மேல் குதித்து, எடுத்து, மறுபடி விரித்து வந்தார். நான் புளியோதரைத் தூக்கோடு ஒற்றைக்கால் மாற்றி மாற்றி வந்தேன். வழியில் கண்ட முட்செடி நிழலைக்கூட மூன்று பேரும் முட்டி மோதிப் பங்கு போட்டோம். "தள்ளுங்க, தள்ளுங்க!" என்று என் மனைவி என்னை இடித்துத் தள்ளியதை, முப்பது வருஷ இல்லறத்தில் அன்றுதான் பார்த்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மலை எவ்வளவு உயரம் என்று யோசிக்க யாருக்கும் நேரமில்லை.

உச்சியில் மடத்து வாசலில் ஒரு காவி வேட்டிச் சாமியார் நின்றிருந்தார். காலில் வெள்ளைக் கான்வாஸ் ஷூ.

"செருப்பு எங்கம்மா?"

"கீழ விட்டுட்டோம் சாமி."

"கீழயா!" என்றவர் உள்ளே பார்த்து, "டேய், வாளித் தண்ணி கொண்டாங்க, சுவாமிமலைப் பக்கத்து ஆளுங்க வந்திருக்காங்க" என்று குரல் கொடுத்தார். ஊர் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "அந்தப் பக்கத்து ஆளுங்கதான் இப்படி வருவாங்க." பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "கடுதாசி போட்டது நீங்கதானே? சுவத்துல ஒட்டி வெச்சிருக்கோம். மனசு சரியில்லாதப்ப படிப்போம். அத்தனை கேட்டீங்களே, செருப்புப் போட்டுக்கிட்டு ஏறலாமான்னு ஒரு வரி கேக்கலையே ஐயா."

ராவுத்தர் சிரிப்பில் உட்கார்ந்துவிட்டார். சாமியார் எங்கள் காலில் தண்ணீர் ஊற்றினார். அந்தச் சுகத்தை எழுதும் அளவுக்கு எனக்குத் தமிழ் போதாது.

சிரிப்பு அடங்கியதும் கவனித்தேன். என் மனைவி மண்டபத்துச் சுவரைப் பார்த்து, மலை விளிம்புக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். வந்த காரியத்தை நானும் ராவுத்தரும் மறந்துபோயிருந்தோம். அவள் மறக்கவில்லை.

"ஏறியாச்சுல்ல, போதும்" என்றேன். "முடிஞ்சதுன்னு எழுதிக்கலாம்."

"அதெப்படி? நான் எங்க பாத்தேன்? குதிச்சேன், அவ்வளவுதான். பாத்தாத்தான் கணக்கு."

பணியில் இருந்த காலத்தில் இவளைப் போல ஒரு ஆய்வாளர் என்னிடம் இருந்ததில்லை. அவள் எழுந்தாள். ஒரு கையில் என் மணிக்கட்டு, மறு கையில் ராவுத்தர் துண்டின் ஒரு முனை. மறுமுனையை அவர் மண்டபத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். ராவுத்தர் விவரத்தைச் சொல்ல, சாமியார் எலுமிச்சம்பழத்தோடு தயாராக நின்றார். அமெரிக்காவில் ஒரு பெண் பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருப்பது எங்கள் நால்வருக்கும் தெரியும்.

விளிம்புக்கு வந்து கீழே பார்த்தாள்.

ஆறு ஒரு வெள்ளைக் கீற்றாகக் கிடந்தது. கரையோரம் வாழைத் தோட்டங்கள், அதற்கப்பால் அறுவடை முடிந்த வயல்கள், கிழக்கே கண் எட்டும் வரை ஒரு மேடு இல்லை. என் மணிக்கட்டில் அவள் நகம் பதிந்தது.

"ஏங்க."

"என்ன?"

"நம்ம பக்கம் எவ்வளவு தட்டையா இருக்கு. மெழுகி விட்ட மாதிரி."

"தலை சுத்துதா?"

"சுத்துது." பிறகு சிரிக்கத் தொடங்கினாள். "நல்லா சுத்துது. நல்லாத்தான் இருக்கு!"

துண்டை விட்டுவிட்டாள். சாமியார் எலுமிச்சம்பழத்தை மோரில் பிழிந்துவிட்டார். புளியோதரையை மடம் முழுவதும் சாப்பிட்டது. அப்போது அவள் ராவுத்தரிடம் கேட்டாள்.

"பிளேன் இதைவிட உசரமா போவுமா தம்பி?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சாமியாரைப் பார்த்தேன்.

"கொஞ்சம் கூடப் போவும்கா."

"கொஞ்சம்னா?"

"ஒரு... ரெண்டு மலை இருக்கும்."

"ரெண்டுதாம்மா" என்றார் சாமியார், விமானத்தின் பக்கமே போகாதவர்.

"ரெண்டு மலைன்னா பரவாயில்லை" என்றாள்.

வெயில் தாழ்ந்ததும், மடத்தில் கொடுத்த சாக்குத் துண்டுகளைக் காலில் கட்டிக்கொண்டு இறங்கினோம். ஞாயிற்றுக்கிழமை மகளிடம், "ஒப்புதல் கிடைத்துவிட்டது" என்றேன். அந்தப் பக்கம் அவள் அழுதாள். இந்தப் பக்கம் அவள் அம்மா, பாறை எப்படிச் சுட்டது என்பதைச் சர்வதேசக் கட்டணத்தில் விவரிக்க ஆரம்பித்தாள்.

சென்னையில் விமானம் எழும்பியபோது அவள்தான் சன்னலோரம். காதில் பஞ்சு, கையில் கமர்கட்டு. சற்று நேரத்தில் ஒலிபெருக்கியில் விமானி ஆங்கிலத்தில் பேசினார். எத்தனை ஆயிரம் அடி என்று தெளிவாகவே சொன்னார்.

"என்ன சொல்றாரு?"

பணிக்காலம் முழுவதும் நான் ஒரு தவறான அறிக்கையில் கையெழுத்திட்டதில்லை.

"ரெண்டு மலை உசரத்துல போறோமாம்."

அவள் சன்னலில் நெற்றியை வைத்து நெடுநேரம் கீழே பார்த்தாள்.

"ஏங்க, கொஞ்சம் கூடவே இருக்கும் போலருக்கே."

"இருக்கலாம்."

"தம்பி குத்துமதிப்பாத்தான் சொல்லியிருப்பாரு" என்று ஒரு கமர்கட்டை உடைத்துப் பாதியை என் வாயில் திணித்தாள். "நீங்க மொதல்ல கண்ணைத் திறந்து பாருங்க. நல்லாத்தான் சுத்துது."