ஆராட்டு தெரியாத சிஸ்டம்

அந்த ஆளைக் கண்ட நிமிஷத்திலிருந்தே எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் தொழிற்சாலையை அவர் ஒரு தடவைகூடத் தொழிற்சாலை என்று சொன்னதில்லை. “சைட்” என்றுதான் சொல்வார், என்னவோ நாங்கள் காலி மனையில் கூடாரம் போட்டு உட்கார்ந்திருப்பது மாதிரி.

வெளிநாட்டிலிருந்த எங்கள் தலைமை அலுவலகம், தன் எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் ஒரே ஈ.ஆர்.பி. மென்பொருள் வாங்க நினைத்தது. கொள்முதல், ஸ்டோர், உற்பத்தி, கணக்கு எல்லாம் அதற்குள் அடக்கம். வாங்கலாமா என்று ஒவ்வொரு தொழிற்சாலையும் பரிசோதித்து மதிப்பெண் போட வேண்டும். திருவனந்தபுரத்தில் அந்த வேலை, உற்பத்தித் திட்டப் பிரிவிலிருந்த என் தலையில் விழுந்தது. அதை இயக்கிக் காட்ட வந்தவர்தான் இந்தச் சென்னை ஆலோசகர்.

பொறுமையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை நாள் காலண்டர் திரையில் வந்ததும் கேட்டேன்.

“ஆராட்டுக்கு அரை நாள் லீவு எங்க போடறது? பஞ்சாங்கப்படி வருஷா வருஷம் தேதி மாறுமாக்கும்.”

“உலகம் பூரா ஒரே காலண்டர் சார். உங்க ஊர்த் திருவிழாவுக்குன்னு தனியா மாத்தினா செலவு எகிறும். அந்த லீவை எடுத்துடுங்க.”

எடுத்துவிட வேண்டுமாம்! பத்மநாபசுவாமி கடலில் நீராடப் போகும் அந்தச் சாயங்காலம், மேற்குக் கோட்டை வாசலிலிருந்து கடற்கரை வரை ஊரே வழியில் நிற்கும். நான் கோயிலுக்குப் பக்கத்து ஸ்ரீவராகத்துக்காரன். வேலைக்குச் சேர்ந்த பிறகும் அதுவரை ஓர் ஆராட்டைக்கூட விடாமல், செருப்பில்லாமல் ஊர்வலத்தின் பின்னால் நடந்திருந்தேன். எங்கள் தொழிலாளிகளில் எந்த மதத்துக்காரரும் அந்த அரை நாளை விட்டுக்கொடுத்ததில்லை.

“ஊர்வலம் ரன்வே மேலதான் போறது. அதுக்காக ஏர்போர்ட்டையே மூடறா சார். உங்க சிஸ்டத்துக்கு மட்டும் முடியாதோ?” என்றேன்.

அவர் சிரித்தார். நான் கதை விடுவதாக நினைத்திருக்க வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலண்டருக்குப் பூஜ்யம் போட்டேன்.

எங்கள் மேலாளர் மலையாளி. என்னைக் கூப்பிட்டு, “எந்தாடோ, ஒரு அரை நாளுக்கு வேண்டி இத்தனை பகளமும் கலாட்டாவுமா? முழு மார்க் கொடுத்து விடு” என்றார்.

“மாட்டேன் சார்.”

அவரே என் பூஜ்யத்தை அடித்துவிட்டு முழு மதிப்பெண் போட்டுக்கொண்டார். அப்புறம் என்ன பரிசோதனை வேண்டிக்கிடக்கிறது? வாங்குவதென்று முடிவு செய்துவிட்டு எங்களைக் கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆலோசகர் ஊர் திரும்பிய நாளில்தான் ஆராட்டு வந்தது. விமானம் ஏற முடியாமல் கண்ணாடி வழியே ரன்வேயில் யானை போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அவரைக் கொண்டுவிட்ட எங்கள் கார் டிரைவர் மறுநாள் சொன்னபோது என் வயிறு குளிர்ந்தது. இனியாவது அந்த மண்டையில் உறைக்கும் என்று நம்பினேன். நான்தான் முட்டாள்.

சிஸ்டம் வந்தது. அதன் பிறகு வந்த முதல் ஆராட்டுக்கு நான் கேட்ட அரை நாள் லீவை, “ஸ்க்ரீன்ல அது முழு வேலை நாளாக்கும்” என்று மேலாளர் திருப்பிவிட்டார்.

விமானங்கள் எங்கள் கூரைக்கு மேலாகத்தான் இறங்கும். அன்று சாயங்காலம் வானத்தில் ஒரு சத்தமும் இல்லை. கீழே எங்கள் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் நடுவில் நான் பூட்ஸ் காலோடு நின்றுகொண்டிருந்தேன்.