நல்லமுத்து அண்ணன் அனுப்பாமல் வைத்திருந்த கடிதம்

நல்லமுத்து அண்ணனை விருத்தாசலத்தில் பெரிதாக யாருக்கும் தெரியாது. பீங்கான் பியூஸ் கட்டை செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் சூளை பார்ப்பது அவர் வேலை. ஆனால் கென்யா, பிரேசில், வியட்நாம் என்று எங்கெங்கோ இருந்த பிள்ளைகள் அவரை 'சார்' என்று அழைத்துக் கடிதம் எழுதினார்கள். ஊரில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தக் கடிதங்களை அவர் திறந்து படித்ததெல்லாம் ஜங்ஷன் ரோட்டில் நான் நடத்திய பிரௌசிங் சென்டரில்.

மதியம் இரண்டரைக்கு ஷிப்ட் முடிந்ததும் காது மடலில் வெள்ளை மண்ணோடு வந்து மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் உட்காருவார். அவர் எழுந்து போன பிறகு கீபோர்டைத் துடைப்பது என் தலையெழுத்து.

"ஏண்ணே, கையக் கழுவிட்டு வந்தா கொறைஞ்சா பூடுவீங்க?" என்பேன்.

"கழுவிட்டுதாம்மா வரேன். நம்மூரு மண்ணு, விட மாட்டங்குது" என்று சிரிப்பார்.

படித்தது டிப்ளமோ. கம்ப்யூட்டரைத் தானாகவே கற்றுக்கொண்டு, சூளையின் சூட்டை நேரத்துக்கு நேரம் குறித்துவைக்கிற ஒரு புரோகிராம் எழுதினார். சூடு தப்பினால் மணியடிக்கும். அதைப் பூட்டி வைக்காமல், யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளட்டும் என்று இன்டர்நெட்டில் போட்டுவிட்டார். அதைப் பார்த்த ஒரு தொண்டர் குழு, இப்படித் திறந்த மென்பொருள் எழுதிப் பழகும் பிள்ளைகளுக்கு வழிகாட்ட வருகிறீர்களா, சம்பளம் கிடையாது என்று கேட்டது. அன்றைக்கே சரி என்று எழுதிவிட்டார்.

2007 மே மாதம் அச்சியெங் வந்தாள். கென்யாவில் ஒரு கிராமம், வயது பத்தொன்பது. அவள் ஊர் ஆஸ்பத்திரியில் தடுப்பூசி வைக்கிற பிரிட்ஜ் அடிக்கடி நின்றுபோய் மருந்தெல்லாம் கெட்டுப்போகுமாம். சூளைக்கு எழுதிய புரோகிராமைப் பிரிட்ஜுக்கு மாற்றப் போகிறேன் என்று எழுதியிருந்தாள். அதைப் படித்த அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தே நின்று என்னைக் கூப்பிட்டார்.

"லீமா, சூட்டுக்குப் பண்ணத இந்தப் பொண்ணு குளிருக்குத் திருப்புது பாரேன்! எனக்குத் தோணலியே!"

இதை அவளுக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. என்னிடம் சொன்னார், டீக்கடைக்காரரிடம் சொன்னார், அவளுக்கு மட்டும் அனுப்பியது, 'பன்னிரண்டாம் வரி தவறு, திருத்தவும்.'

அவருக்கு இங்கிலீஷ் கொஞ்சம் தடுமாறும். அனுப்புவதற்கு முன் என்னைப் பார்க்கச் சொல்வார். அதனால் எல்லாக் கடிதங்களும் என் கண்ணில் பட்டவைதான். வாரம் மூன்று கடிதம், எல்லாமே தவறுகளின் பட்டியல். ஜூலையில் எனக்குப் பொறுக்கவில்லை.

"நல்லாருக்குதுன்னு ஒரு வார்த்த எழுதுனா வாய்முத்து உதுந்துடுமாண்ணே?"

அவர் முகம் மாறியது. "சூளை வாய இன்னும் பிரிக்கலம்மா. அதுக்குள்ள நல்லாருக்குதுன்னா வெளங்குமா?"

அவர்கள் தொழிலில் அப்படி ஒரு கட்டுப்பாடு. சாமானை அடுக்கிச் சூளை வாயைச் செங்கல் வைத்துப் பூசிவிட்டால், வெந்து ஆறி வாயைப் பிரிக்கிறவரை ஒருத்தரும் 'நன்றாக வந்திருக்கும்' என்று சொல்லக் கூடாது. சொன்னால் வெடித்துவிடுமாம். கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதே. மற்றவர்கள் இதைச் சூளைக்கு வெளியே வந்ததும் மறந்துவிடுவார்கள். இவரால் முடியவில்லை. காரணத்தை அவர் மனைவி அன்புக்கரசி அக்கா ஒருமுறை சொன்னார். அக்கா எட்டு மாதமாக இருந்தபோது, பொண்ணு பொறக்கும், ராஜாத்தியாட்டம் இருக்கும் என்று இவர் கம்பெனி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாராம். பெண்தான் பிறந்தது. உயிரில்லை. அதற்குப் பிறகு அவர்களுக்குக் குழந்தையே இல்லை.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஆகஸ்ட் இருபதாம் தேதி அச்சியெங் தன் வேலையைக் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்கு மூன்று வாரம் முன்பே அண்ணன் அவளுக்கு ஒரு கடிதம் எழுதி, அனுப்பாமல் சேமித்து வைத்திருந்தார். இருபதாம் தேதி அனுப்பத்தான். என்னிடம் காட்டினார். 'மகளே, உன் வேலையில் இனி நான் சொல்ல ஒன்றும் இல்லை. என்னைவிட நன்றாக எழுதுகிறாய். உன்னால் எனக்குப் பெருமை' என்று இருந்தது. அதில் திருத்த எனக்கும் ஒன்றும் இல்லை.

பதினாறாம் தேதி அவளிடமிருந்து கடிதம் வந்தது. அண்ணன் படித்துவிட்டு, "இது என்னாம்மா சொல்லுது, நீ படி" என்றார்.

'ஐயா, நீங்கள் நாற்பத்தொரு தவறுகளைக் காட்டினீர்கள். எல்லாவற்றையும் திருத்தினேன். ஒன்றைக்கூட நீங்கள் சரி என்று சொல்லவில்லை. இந்த வேலைக்கு நான் ஆள் இல்லை என்று உங்களுக்கு முதலிலேயே தெரிந்திருக்கும், இரக்கத்தால் சொல்லாமல் இருந்தீர்கள். குழுவிலிருந்து விலகிவிட்டேன். மாமாவின் தையல் கடையில் சேரப் போகிறேன். உங்கள் நேரத்தை வீணாக்கியதற்கு மன்னியுங்கள்.'

நான் படித்து முடிப்பதற்குள் அவர் என்னை நகர்த்திவிட்டு, சேமித்து வைத்திருந்த கடிதத்தை எடுத்து அனுப்பினார். இரண்டே நிமிடத்தில் அது திரும்பி வந்தது. அப்படி ஒரு முகவரி இல்லை. அவள் ஈமெயில் கணக்கையே மூடிவிட்டிருந்தாள். மறுபடி அனுப்பினார், மறுபடி வந்தது. குழுவினருக்கு எழுதிக் கேட்டால், எங்களிடமும் அந்த முகவரி ஒன்றுதான் இருக்கிறது என்றார்கள்.

"நான் பொத்தி வச்சுதாம்மா கெடுத்தேன்" என்றார். கம்ப்யூட்டரில் கையை வைத்தபடியே அழுதார். அவர்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என்மேல் அதைவிட. அத்தனை கடிதமும் என் கையைத் தாண்டித்தான் போயின. அவருக்குத் தெரியாமல் ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால் யார் என்னைக் கேட்கப் போகிறார்கள்?

அவள் அனுப்பியிருந்த புரோகிராம் முழுசாக இருந்தது. அண்ணன் அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல், எழுதியவர் அச்சியெங் என்று அவள் பெயரை மட்டும் போட்டு, எல்லோருக்குமாக வெளியிட்டார். அடுத்த வருஷம் பொலிவியாவில் ஒரு நர்ஸ் அவளுக்கு நன்றி சொல்லி எழுதினார். பிறகு நேபாளத்திலிருந்து ஒரு டாக்டர். 2009 முடிவதற்குள் பதினேழு கடிதம் வந்துவிட்டது. அவள் முகவரி கிடைக்காததால் எல்லாம் அண்ணனுக்கு வந்தன. ஒவ்வொன்றின் தலைப்பிலும் 'நீ எழுதியது ரொம்ப நன்றாக இருக்கிறது மகளே' என்று சேர்த்து, அவளுடைய பழைய முகவரிக்கே அனுப்புவார்.

"ஏண்ணே, போவாதுன்னு தெரிஞ்சே அனுப்புறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒருவேள இன்னிக்கிப் பொண்ணு கணக்கத் தெறந்திருந்தா?" என்றார்.

அனுப்பிவிட்டு இரண்டு நிமிடம் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கடிதம் திரும்பி வந்த பிறகுதான் எழுந்து வீட்டுக்குப் போவார்.